மச்சான் பிடிச்ச கயிறு

ஏலே, எந்திரிக்காத. எந்திரிச்சு ஓடுனேன்னா நானும் பின்னாலயே ஓடி வருவேன், நயினார்கோவில் சனம் பூராம் நின்னு வேடிக்கை பாக்கும், பாத்துக்க. உக்காரு சிலுவை. ஒன் அத்தைதேன் வந்துருக்கேன், பேயி பிசாசு இல்ல. வா, அந்த வேப்பமர நெழலுக்குப் போயிருவோம். இந்த மிளகாக் களத்துப் பக்கம் என்னால நிக்க ஏலல, நெடி தொண்டையப் பிடிக்குது. எப்பிடிடா இதுக்குள்ள பொழங்குற? மீன் கவிச்சியில பொறந்து வளந்தவன், காடு உழுகிற சம்சாரி வீட்டு மிளகாயக் கிளறி விட்டுக்கிட்டு நிக்கிற. எங்கண்ணன் பாத்தா, அதான் ஒங்கய்யா, நெஞ்சு வெடிச்சுப் போவாரு.

நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் ஒண்ணும் கேக்கலையே. கேட்டா அப்பச் சொல்லு.

எப்பிடிக் கண்டுபிடிச்சேன்னுதானே முழிக்கிற? கருவாட்டுக் கூடையத் தூக்கிக்கிட்டு நம்ம ஊருப் பொம்பளைக போகாத ஊரு உண்டா? தங்கச்சிமடத்துல இருந்து ஒளிஞ்சு ஓடுறவன் கருவாடு திங்காத ஊராப் பாத்துல்ல ஓடணும். போன மாசம் ஒருத்தி வந்து சொன்னா, சிலுவைய நான் பாத்தேன், தாடியும் மீசையுமா சம்சாரி கணக்கா மம்பட்டி பிடிச்சு நிக்கான், என்னயப் பாத்ததும் வைக்கப்படப்புக்குப் பின்னால போயிட்டான்னு. கேட்டதுல இருந்து எனக்கு இருப்புக் கொள்ளல. இன்னைக்கு வெள்ளன பாம்பன்ல ரயிலேறி, ராமநாதபுரத்துல எறங்கி, பஸ்ஸு பிடிச்சு வாறேன். பஸ்ஸுல பூராம் பங்காளிச் சண்டை பேசிக்கிட்டு வாறானுக, எந் தலையே வெடிச்சுப் போச்சு.

எளச்சுட்ட. கன்னம் ஒட்டிப்போச்சு. இந்த வீட்டுல சோறு ஒழுங்காப் போடுறாகளா? போடுவாக, அந்த ராமலெட்சுமியம்மா நல்ல மனுசியாத்தேன் தெரியுது. நீ காட்டுல இருந்து வாறதுக்கு முந்தியே நான் வந்துட்டேன்ல. எனக்கு மோரு குடுத்து உக்கார வச்சுப் பேசிக்கிட்டு இருந்தாக.

இரு, இரு. நான் பேசிக்கிறேன். மூச்சு வாங்குது, பேச்சு விட்டுப்போச்சுன்னா மறந்துருவேன்.

வருசப் பூசை குடுத்தாச்சு சிலுவை, எம் மகன் சவேரிக்கு. மாசியிலயே முடிஞ்சுருச்சு. சனம் நல்லா வந்துச்சு. ஒங்கய்யா வந்தாரு, ஆனா முன்னால வரல. கோயில்ல கடைசித் தூணுகிட்ட நின்னுட்டு, பூசை முடியவும் விறுவிறுன்னு போயிட்டாரு. கூடப் பொறந்தவ எம் முகத்தப் பாக்க அவருக்கு ஏலல. நான் கூப்புட்டேன், அண்ணேன்னு. திரும்பல. ஒரு பிள்ளை போனதுல எனக்குப் பொறந்த வீடும் சேந்து போயிருச்சு பாரு.

பூசையில ஒண்ணு சொல்லணும் ஒனக்கு. அவனுக்கு வலது காது கேக்காதுல்ல, சங்கு எடுக்க முங்கி முங்கி. பங்குச் சாமி செபம் சொல்லி முடிச்சு எல்லாரும் ஆமென்னு சொல்லி, அதுக்கப்பறம் இவன் ஒத்தையா, கோயிலே அதிர, ஆமெம்பான். பொம்பளைப் பிள்ளைக எல்லாம் முக்காட்டுக்குள்ள சிரிக்கும். அருளு அவனக் கிள்ளிக் கிள்ளி வைப்பா, அண்ணே மானம் போகுதுன்னு. சாமியும் பழகிப்போயி, இவன் ஆமென் வாறதுக்காக ஒரு நொடி நின்னுதேன் மேல போவாரு. அன்னைக்கு வருசப் பூசையிலயும் நின்னாரு சிலுவை. எல்லாரும் ஆமென் சொன்னாக, சாமி நின்னாரு. எனக்கு அங்கனயே கத்தணும் போல இருந்துச்சு. சேலையக் கடிச்சுக்கிட்டு உக்காந்துருந்தேன்.

அழாத. நீ அழுதா எனக்குக் கோவம்தேன் வரும். சொல்லிட்டேன்.

சின்னதுல அவன் கோவம் வந்தா என்ன செய்வான், நெனவிருக்கா? அழ மாட்டான். மூச்சப் பிடிச்சுக்கிருவான். கேட்டது குடுக்கலன்னா கன்னத்த உப்பிக்கிட்டு நிப்பான், முகம் செவந்து, செவந்தது கறுத்து, கண்ணு பிதுங்கி. நான் பதறிப்போயி முதுகுல ரெண்டு வைப்பேன், வச்சுட்டு அவன் கேட்டதக் குடுத்துருவேன். பனங்கெழங்கு கேட்டு ஒரு நா அப்பிடி நின்னான், நீயும் பக்கத்துல நின்னு மூச்சப் பிடிச்ச. ரெண்டு பேரும் போட்டி. ஒனக்கு ஏலல, தும்மிப்புட்ட. அவன் நின்னுக்கிட்டே இருக்கான். பக்கத்து வீட்டுச் சதக்கத்துல்லா மரைக்காரு பாத்துட்டு, இவன் சங்கு எடுக்கத்தாம்மா பொறந்துருக்கான்னு சிரிச்சாரு. பெத்தவள மெரட்டக் கத்துக்கிட்ட வித்தைய வச்சே பெறகு சோறு தின்னான். நான்தேன் அப்பவே ஒரு நாளாச்சும், போடா, நில்லு, எம்புட்டு நேரம் நிக்கிறன்னு பாப்போம்னு விட்டுருக்கணுமோ என்னமோ. மனசு கேக்காது. எந்த ஆத்தாளுக்குக் கேக்கும்?

இம்புட்டு வித்தைக்காரன் சேவலுக்குப் பயப்படுவான். ஆமா! ஒனக்குத் தெரியாமயா? ஊருக்குச் சொல்லாதன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருந்தான், இனி சொன்னா என்ன. சுறா திரியிற கடல்ல கல்லக் கட்டிக்கிட்டு எறங்குறவன், தெருமொனையில நின்னுக்கிட்டு, எம்மா, அந்தச் செவலச் சேவலக் கட்டிப் போட்டாகளான்னு கத்துவான். இல்லன்னா வீட்டுக்கு வர மாட்டான். ஒரு நா அது வெரட்டி, இவன் ஓடி, சாமி வந்த சைக்கிள்ல போயி விழுந்து, சாமி ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். அந்தச் சேவல் இன்னும் இருக்கு. அவன் போனதுக்கப்பறம் அத அறுக்க மனசு வரல அந்த வீட்டுக்காரிக்கு. ஏண்டி நீ அறுக்கலன்னு கேட்டேன். ஒம்மகன் பேரச் சொல்ல இதாச்சும் இருக்கட்டும்கிறா. என்னத்தச் சொல்ல.

என்ன? சொல்லணுமா? இரு, நான் இன்னும் முடிக்கல. நடுவுல பேசாத.

கடல்ல இருந்து வந்து விழுவான் பாரு, பல்லு கிடுகிடுன்னு ஆடும். சூடாக் கஞ்சி ஊத்தணும், அதுல உப்புப் போடக் கூடாது. கடல்ல குடிச்ச உப்பே ஆயுசுக்குக் காணும்மா எம்பான். கஞ்சியில போடாம, கொழம்புலயும் கொறச்சு, கடைசியில வீட்டுச் சமையலே உப்பத்துப் போச்சு. நீ வந்து சாப்புட்டா மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு, அருளுகிட்ட கண்ணக் காட்டி உப்பு வாங்கிப் போட்டுக்கிருவ. நான் பாக்கலன்னு நெனப்பு ஒங்களுக்கு. இன்னைக்கு வரைக்கும் நான் உப்பில்லாமத்தேன் வடிக்கிறேன். கை போக மாட்டேங்குது. அருளு ஒண்ணும் சொல்லாமத் திங்கிறா.

தங்கச்சின்னா அவனுக்கு உசுரு, ஆனா அவள ஒனக்குன்னு பேசி வச்சதுல இருந்து வாயத் தொறந்தா வம்பு. ஏட்டி, நான் கீழ போனா என் உசுரு ஒன் மாப்பிள்ளை கையில, அதனால அவனுக்கு ஒழுங்காச் சோறு போடு, இல்லன்னா பசியில கயிற விட்டுருவான்னு கேலி பேசுவான். அவ வெளக்கமாத்த எடுத்துக்கிட்டு வெரட்டுவா. அன்னைக்குச் சிரிச்ச பேச்சு சிலுவை.

நம்ம மொறை அப்பிடி வச்சுருக்காக. சங்குக்கு முங்குறவன் கயித்த யாருகிட்டயும் குடுக்க மாட்டான், மச்சான்கிட்டத்தேன் குடுப்பான். அண்ணந்தம்பிய நம்ப மாட்டான், அவனுக்குச் சொத்துல பங்கு இருக்கு. பொண்ணு கொடுத்தவன், எடுத்தவன், அவந்தேன் கண்ண மூடாமப் பிடிப்பான், எவ தாலியோ அந்தக் கயித்துல தொங்குதுல்ல. சவேரி முங்குனா நீ பிடிச்ச, நீ முங்குனா அவன் பிடிச்சான். ரெண்டு வருசமா அப்பிடித்தானே போச்சு. இடுப்புல கட்டுன கயித்த அவன் கீழ இருந்து சுண்டணும், நீ மேல இருந்து இழுக்கணும். இம்புட்டுத்தேன் தொழிலு. சொல்லும்போது லேசு.

அன்னைக்கு நீதேன் அவனத் தோள்ல போட்டுக் கரைக்குக் கொண்டாந்த. மூக்குலயும் காதுலயும் ரத்தம் ஒழுகி ஒன் நெஞ்சு பூராம் வழிஞ்சு கெடந்துச்சு, ஒனக்குத்தேன் அடிபட்டுருக்குன்னு நெனச்சு ஓடி வந்தேன் நான். மணல்ல எறக்குன. எம் முகத்தப் பாத்து வாயத் தொறந்த. என்னமோ சொன்ன. எங்காதுல ஏறல. நான் விழுந்து கெடந்தேன். கல்லறைக்குத் தூக்கும்போது நீ கேட்டுக்கு வெளியவே நின்ன, உள்ள வரல. மறுநா ஆளக் காணோம்.

நீ போனதும் கரையில ஆளாளுக்குப் பேசுனாக. பீடி பத்தவச்சுக்கிட்டு இருந்தான்னு ஒருத்தன். கண்ணசந்துட்டான்னு ஒருத்தன். கயிறு ஆடவே இல்ல, பய கீழயே போயிட்டான், சிலுவை என்ன செய்வான்னு ஒருத்தன். தப்பு இல்லாதவன் எதுக்கு ஓடுறான்னு ஒரு கூட்டம். வள்ளத்துக்காரர் ஹமீது சுல்தான் கீழக்கரையில இருந்து வீட்டுக்கே வந்தாரு. அவரு அன்னைக்கு வள்ளத்துல இருந்தவரு, கண்ணால பாத்தவரு. வந்து உக்காந்து, ஆத்தா, நடந்தது என்னன்னான்னு ஆரம்பிச்சாரு. இருங்க வாறேன்னு போயி காப்பித்தண்ணி போட்டேன். குடுத்தேன். குடிச்சுட்டு மறுபடியும் ஆரம்பிச்சாரு. நான் ஒங்க மகளுக்குப் பேறுகாலம் எப்பன்னு கேட்டேன். சிலோன் பர்மிட் என்னாச்சுன்னு கேட்டேன். மனுசன் என்னயவே பாத்துக்கிட்டு இருந்துட்டு, எந்திரிச்சு, சரி ஆத்தா, அல்லா ஒங்களுக்குப் பொறுமையத் தரட்டும்னுட்டுப் போயிட்டாரு.

ஒன் மேல எனக்கு வயித்தெரிச்சல் இல்லன்னு சொல்ல மாட்டேன். பொய் சொல்ல நான் இம்புட்டுத் தூரம் வரல. இப்பக்கூட ஒன் மூஞ்சியத்தேன் பாக்குறேன், கையப் பாக்கல, கவனிச்சியா? பாத்தா என்னமோ பண்ணுது. ராத்திரி பகல்னு இல்லாம ஒன்னய மண்ண வாரித் தூத்திருக்கேன். ஓரியூரு புனிதர் கோயிலுக்குக்கூடப் போனேன். எதுக்கு? ஒன்னய நாசமாப் போகச் சொல்லி மெழுகுதிரி ஏத்தத்தேன். ஆமா. அருளுகிட்டச் சொல்லல, திருவாடானைக்கு ஒரு சாவுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன். அவரு ரத்தத்துல செவந்ததும்பாகளே, அந்த மண்ணுல முழங்கால் போட்டு, திரியப் பத்தவச்சு, கண்ண மூடுனேன். வாயத் தொறந்தா என்ன வருது தெரியுமா? அர்ச்சியசிஷ்டவரே, சவேரியையும் சிலுவையையும் கடல்ல காப்பாத்துமய்யா. அதுதேன் வருது! ரெண்டு வருசமா நீங்க வள்ளம் ஏறுன நாள்ல இருந்து, காலையிலயும் அந்தியிலயும் சொன்ன செபம். ரெண்டு பேரையும் சேத்துச் சேத்துச் சொல்லி நாக்கு அதுலயே பழகிக் கெடக்கு. ஒருத்தன் மண்ணுக்குள்ள போயிட்டான், இன்னொருத்தன நாசமாக்க வந்துருக்கேன், நாக்கு ரெண்டு பேரையும் காப்பாத்தச் சொல்லுது. மறுபடி சொல்லிப் பாத்தேன், ஒன் பேர மட்டும் பிரிச்சு எடுத்து வைய. ஏலல. அங்கனயே உக்காந்து சிரிச்சேன் சிலுவை, பக்கத்துல இருந்தவுக எனக்குக் கிறுக்குன்னு நெனச்சுட்டாக. அப்பறந்தேன் அழுதேன்.

அருளப் பத்தியா? கேட்டுட்டியே, சரி, கேக்கத்தேன் செய்வ. ரெண்டு எடத்துல இருந்து கேட்டு வந்தாக. தூத்துக்குடிப் பக்கம் ஒண்ணு, வேம்பாருல இருந்து ஒண்ணு. எல்லாரும் சங்குக்கு முங்குறவுக. பொண்ணு எப்பிடி, என்ன செய்வாகன்னு ஒரு வார்த்தை கேக்கல. பொண்ணுக்கு அண்ணன் தம்பி உண்டான்னுதேன் கேட்டாக. கயிறு பிடிக்க ஆளு வேணுமே அவுகளுக்கு. இல்லன்னதும் தண்ணிகூடக் குடிக்காம எந்திரிச்சுட்டாக. அருளு அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா. அன்னைக்கு ராவு எங்கிட்ட வந்து சொன்னா, எம்மா, எனக்கு அவரு மேல கோவம் இல்ல, வந்தாக் கட்டிக்கிருவேன், ஆனா ஒனக்கு அவரப் பாத்தா எரியும்னா எனக்கு வேணாம், நான் மடத்துக்குப் போயி கன்னியாஸ்திரி அம்மாகூட இருந்துக்கிறேன்னு. எந் தலையில தூக்கி வச்சுட்டுப் போயிப் படுத்துட்டா.

எனக்கு மிஞ்சுனது அவ ஒருத்தி. அவளையும் மடத்துக்கு அனுப்பிட்டு, நானும் அந்தச் சேவலுமா உக்காந்துருக்கவா?

இன்னைக்கு இங்கன வந்து எறங்குற வரைக்கும் எனக்கு மனசு ஒரு நெலையில இல்ல சிலுவை. பஸ்ஸுல வரும்போதுகூட, கண்டதும் செருப்பக் கழட்டி அடிக்கணும்னு ஒரு நெனப்பு, கட்டிப் பிடிச்சு அழணும்னு ஒரு நெனப்பு. அந்த ராமலெட்சுமியம்மாதேன் மோரு குடுத்துக்கிட்டே சொன்னாக. ஒங்க பையன் நல்ல உழைப்பாளிம்மா, உழுவான், களை வெட்டுவான், மாடு குளிப்பாட்டுவான், ஒரு சொல்லு மறுத்துப் பேச மாட்டான். ஆனா கெணத்துல தண்ணி மட்டும் எறைக்க மாட்டான். வாளிக் கயித்தத் தொட மாட்டான். மொத நாளு கட்டாயப்படுத்தி எறைக்கச் சொன்னோம், வாளி தண்ணிக்குள்ள போனதும் கயித்த விடவும் முடியாம இழுக்கவும் முடியாம நின்னான், நானே ஓடிப்போயி இழுத்தேன், அதுல இருந்து அவன் குளிக்கிற தண்ணியக்கூட நான்தேன் எறைச்சு வைக்கிறேன், கடக்கரைக்காரவுக சாமி குத்தம் எதுவுமான்னு கேட்டாக. ஆமான்னு சொல்லி வச்சேன். வேற என்னத்தச் சொல்ல. மோரு செம்ப அப்பிடியே கீழ வச்சுட்டேன். எம் பிள்ளை ஒரு நாளு செத்தான். நீ தெனமும் அந்த வள்ளத்துலயே நிக்கிறியேடா.

அதான் வந்த காரியத்தச் சொல்லிருறேன். மனசு நெலைக்கு வாறதுக்கு முந்தியே நான் சாமிகிட்டச் சொல்லி, போன ஞாயித்துக்கெழம மொத ஓலை வாசிச்சாச்சு.

முழிக்காத. கல்யாண ஓலைதேன், மூணு ஞாயிறு வாசிக்கிறது. தங்கச்சிமடம் சிலுவைமுத்துக்கும், மேற்படி ஊரு அருள்மேரிக்கும் மெய்விவாகம், தடை இருந்தாச் சொல்லுங்கன்னு சாமி பூசையில நின்னு படிச்சாரு. ஒங்கய்யா தூணப் பிடிச்சுக்கிட்டு அப்பிடியே உக்காந்துட்டாரு. ஒருத்தரும் எந்திரிச்சுத் தடை சொல்லல, எல்லாரும் எம் மூஞ்சியத்தேன் பாத்தாக. நான் கல்லு மாதிரி நின்னேன். மாப்பிள்ளை எங்கம்மான்னு சாமி முந்தியே கேட்டாரு. கெழக்க வேலையா போயிருக்கான், மூணாவது ஓலைக்குள்ள வந்துருவான்னு பொய்யச் சொன்னேன். சாமிகிட்டயே பொய்யி. பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கிறேன், அது என் பாடு. நீ கடலுக்குப் போக வேணாம். எங் கருவாட்டுக் கொட்டகை இருக்கு, ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு என் கண்ணு முன்னால கெடங்க.

வேணாம். வேணாம் சிலுவை. அத்தை, அன்னைக்குன்னு ஆரம்பிக்காத. வாய மூடு.

வந்ததுல இருந்து நீ அதச் சொல்லத்தேன் வாயத் தொறந்து தொறந்து மூடுற, எனக்குத் தெரியாமலா இருக்கு? நான் எதுக்கு இப்பிடி ஓயாமப் பேசுறேன்னு நெனச்ச? நீ சொல்லிறக் கூடாதுன்னுதேன். கயிறு ஆடுச்சா ஆடலையான்னு எனக்குத் தெரிய வேணாம். ஆடுச்சு, நான் பாக்கலன்னு நீ சொன்னேன்னா, எம் மகளை ஒன் கையில நான் எப்பிடிப் பிடிச்சுக் குடுக்குறது? ஆடவே இல்லன்னு சொன்னேன்னா, அப்பறம் நான் யாரக் கோவிக்கிறது சொல்லு, கடலையா, ஆண்டவரையா? அவுகளக் கோவிச்சுக்கிட்டு என்னால உசுரோட இருக்க ஏலாது. ஒன்னயக் கோவிச்சுக்கிட்டு இருந்துருவேன். கொஞ்சம் கோவிச்சுக்கிட்டு, கொஞ்சம் சோறு போட்டுக்கிட்டு. சாமிகிட்டச் சொல்லணும்னா சொல்லு, அருளுகிட்டச் சொல்லணும்னா கல்யாணத்துக்கு முந்தி அவகிட்ட மட்டும் சொல்லு, அவ முடிவு பண்ணிக்கிறட்டும். எங்கிட்டச் சொல்லாத. நான் சாகுற வரைக்கும் சொல்லாத.

எந்திரி. அந்தம்மாகிட்டச் சொல்லிட்டு, துணிமணிய எடுத்துக்க. பஸ்ஸு போயிரும். இங்க இருந்து ராமநாதபுரம், அங்க இருந்து பாம்பன், நல்ல தூரந்தேன். பரவாயில்ல, எனக்குப் பேசுறதுக்கு இன்னும் எம்புட்டோ கெடக்கு, ஊரு போயிச் சேருற வரைக்கும் நான் பேசிக்கிட்டே வாறேன். நீ பேசாம வா.